சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

என் அண்ணன் சரவணன் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டியவர். சாப்பாட்டுக் கடையில் எழுந்த ஒரு வாய்த்தகராறில் இரும்புக் கம்பியால் ஒரே ஓர் அடி அடித்துவிட்டார். எங்களோடு ஒரே ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த கோபி இறந்துபோனார். கொலைக் குற்றம் என்று தீர்ப்பு வந்தது. முப்பது ஆண்டு சிறை, பன்னிரண்டு பிரம்படி. அன்று அம்மா சோற்றைத் தொடவில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எதையும் வரிசைப்படுத்திப் பழகியவள். மேல்முறையீடு செய்த பிறகு மாரியம்மனிடமும் அப்படியே கேட்டேன்: அண்ணன் விடுதலையாக வேண்டும், சாட்சிகள் சொன்னது எடுபடக் கூடாது, அதுவரை அம்மாவுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

மேல்முறையீட்டு விசாரணைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். பக்கத்தில் கோபியின் அம்மா லெட்சுமி அத்தை நின்றார்.

"யாரு பேருக்கும்மா?" என்று பூசாரி கேட்டார்.

அண்ணன் பெயரைச் சொல்ல வாயெடுத்து, அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க."

வெளியே செருப்பு மாட்டும்போது அத்தை கேட்டார். "ஏன், ஒங்கண்ணனுக்குப் பேரு இல்லையா?"

"ஒங்க முன்னால சொல்ல வாய் வரல அத்தே."

"நான் என்னா, கடிச்சா வைக்கப் போறேன்?" செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "மொதல்ல அவன் நாசமாப் போகணும்னுதான் கேட்டேன். இப்ப கேக்கறதில்ல. நடந்தது நடந்தபடி தெரியட்டும். எனக்கு அது போதும்லா."

அன்றிலிருந்து நானும் அந்த ஒன்றை மட்டும் கேட்டேன். கேட்கக் கேட்கப் பயம் குறைந்தது.

புத்ராஜெயா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கொல்லும் எண்ணம் இல்லை, திடீரென்று வந்த சண்டை. ஆனால் உயிர் போனது அண்ணன் அடித்த அடியால்தான். கொலைக் குற்றம் நீங்கி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் ஆனது. பதினான்கு ஆண்டு சிறை. பிரம்படி இல்லை.

சிறையில் பார்த்தபோது அண்ணன் சொன்னார். "நான் செஞ்சது அவ்ளோதான் தங்கச்சி. அதத்தான் சொல்லிட்டாங்க. இனி தூங்குவேன்."

அம்மா மறுபடி சமைக்கிறார். லெட்சுமி அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. கோயிலில் பார்த்தால் தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்புக்கும் அம்மனுக்கு நன்றி சொல்கிறேன்.

பிள்ளை வழக்கில் நிற்கிறதே என்று கலங்கும் குடும்பங்களே, அம்மனிடம் போங்கள். உண்மை தெரியட்டும் என்று கேளுங்கள். அதில் பாதி நமக்கு எதிராகவே வந்தாலும், தாங்கும் பலத்தை அவளே தருகிறாள்.