நீங்க என்ன ஆளுக?

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் கொடைரோட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா காலையிலேயே கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சித்திரை வெயில் வேறு.

"கழற்றுங்க டாடி, வேர்த்து ஊத்துது."

"சும்மா இரு சைல்ட். நாம யாருன்னு வர்றவங்க பாக்கணும்ல."

நாங்கள் ஆங்கிலோ இந்தியர்கள். ஊருக்குள் சட்டைக்காரர்கள் என்பார்கள். அப்பா கூட்ஸ் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறு வயதிலேயே அம்மா இறந்துவிட, என்னை வளர்த்தது அப்பாவின் அக்கா. திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே பி.டி. வாத்தியாராக இருந்தவரைத்தான் கட்டிக்கொள்வது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். பெண் பார்ப்பது என்பது பெயருக்குத்தான். அவர் வீட்டாருக்குத் தாடிக்கொம்புப் பக்கம் மல்லிகைத் தோட்டம்.

அவரும் அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆட்டோவை விட்டு இறங்கியபோது, கூடை நிறைய மல்லிகையும் கூடவே இறங்கியது. வீடே மணத்தது. காபி குடித்து முடித்ததும், அவருடைய அப்பா தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீக. நீங்க என்ன ஆளுக?"

சாதியைத்தான் கேட்கிறார். எங்கள் பக்கத்தில் எப்படியும் வந்துவிடும் கேள்விதான். நான் பல்லைக் கடித்தேன். பி.டி. வாத்தியார் "அப்பா!" என்று அதட்டினார். என் அப்பாவோ இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்துபோய், சுவரில் இருந்த மீசைக்காரர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டார்.

"எங்க தாத்தாவோட தாத்தா. அயர்லாந்துல இருந்து கப்பல்ல வந்தவரு. இந்த ரயில் லைன் போட வந்தாரு, இங்கயே தங்கிட்டாரு. தகப்பன் வழியில வெள்ளக்காரரு இருந்தாத்தான் ஆங்கிலோ இந்தியன். நான் சொல்லல, சட்டமே சொல்லுது."

வாத்தியாரின் அம்மா படத்தை அண்ணாந்து பார்த்தார். "சரிண்ணே. இவரு கப்பல்ல வந்தாரு. பொஞ்சாதியும் கூட வந்துச்சாக்கும்?"

"இல்ல, இங்க வந்துதான் கட்டினாரு."

"அப்ப அந்தப் பொம்பள எந்த ஊரு?"

அப்பா மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். சட்டம் கேட்காத கேள்வி அது. யோசித்துப் பார்த்தால் நானும் கேட்டதில்லை. மீசைக்காரரின் ஊர், கப்பல், தொப்பி எல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்திருப்பாள் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

சமையற்கட்டிலிருந்து அத்தை கரண்டியோடு வந்தார்.

"வத்தலக்குண்டுப் பக்கம். லைன் போடையில மண்ணு சொமக்க வந்தவ."

"அக்கா!" என்றார் அப்பா.

"என்ன மேன் அக்கா? நம்ம டாடிதான என்கிட்டச் சொன்னாரு. ஞானஸ்நானம் குடுக்கையில வேற பேரு வச்சுட்டாங்களாம். பழைய பேரு யாருக்கும் தெரியல. கடைசி வரைக்கும் கவுன் போட மாட்டேன்னுட்டாளாம், சேலைதான். அதான் போட்டோவுல நிக்க வைக்கல."

அப்பாவின் காது சிவந்துவிட்டது. வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று நான் காபி டம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

"மண்ணு சொமந்தா என்னண்ணே? நானும் நூறு நாள் வேலைக்குப் போயி மண்ணு அள்ளுனவதேன். பூ வெல எறங்குனா வேற என்ன செய்ய?" என்று வாத்தியாரின் அம்மா வெகு சாதாரணமாகச் சொன்னார். பிறகு புருஷனைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீகளா? நம்ம பக்கத்துப் பொண்ணு வழி வந்தவுகதேன். இன்னும் என்ன ஆளுக, என்ன ஆளுகன்னு எதுக்கு நோண்டுறீக?"

வாத்தியாரின் அப்பா தலையாட்டிவிட்டு இன்னொரு காபி கேட்டார். அப்பா மெல்லக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்ட சோறு. அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று அவருடைய அம்மா கேட்டதற்கு, "பால் கறி" என்றார் அத்தை.

"கறியைப் பாலுல போட்டா வேக வச்சீக?"

எங்கள் பி.டி. வாத்தியாருக்குப் புரையேறிவிட்டது. "பந்தும்மா, பந்து! கறியைப் பந்து மாதிரி உருட்டிப் போடுறது."

"அட, நம்ம கோளா உருண்டை! இதுக்கா இம்புட்டு இங்கிலீசு?"

அடுத்து, எங்கள் வீட்டில் பரம்பரையாக 'பெப்பர் வாட்டர்' என்று மரியாதையோடு அழைக்கப்படும் பானம் கிண்ணத்தில் வந்தது. அவருடைய அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு அத்தையை ஏறிட்டுப் பார்த்தார். "யக்கா, இது ரசம்."

அத்தை சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. அப்பாவும் சிரித்தார். ஓடுகிற வண்டியின் சத்தத்தை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர்கள் போன பிறகு அப்பா மீசைக்காரர் படத்தின் முன்னால் போய் நின்றார். "கோபமா டாடி?" என்றேன்.

"இல்ல சைல்ட். அவ பேரு தெரிஞ்சிருந்தா நல்லா இருக்கும்னு நெனைச்சேன்" என்றார்.

கல்யாணத்துக்குக் கவுனா சேலையா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. காலையில் மாதா கோயிலில் வெள்ளைக் கவுன், சாயங்காலம் மண்டபத்தில் பட்டுச்சேலை என்று முடிவானது. கவுனுக்கும் தலை நிறைய மல்லிகை வைத்தே தீரவேண்டும் என்று என் மாமியார் நின்றார். வைத்துக்கொண்டேன். கனத்தில் கழுத்து வலித்தது.

சாயங்காலம் அப்பாவின் ரயில்வே சிநேகிதர்கள் கிதாரோடு வந்துவிட்டார்கள். பிரியாணிப் பந்தி முடிந்ததும் வாசிக்கத் தொடங்கினார்கள். அத்தை நேராக என் மாமியாரிடம் போய்க் கையை நீட்டினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா!"

"கும்மி தெரியும்ல? வா."

முதலில் இரண்டு பேர்தான். செத்த நேரத்தில் தோட்டத்தில் பூப்பறிக்கும் பெண்கள் எல்லோரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். கிதார்காரர்கள் ஒரு தாளத்தில் வாசிக்க, இவர்கள் வேறொரு தாளத்தில் கைதட்டிச் சுற்ற, கடைசியில் கிதார்காரர்கள்தான் விட்டுக்கொடுத்தார்கள். என் மாமனார் ஓரமாக நின்று காலால் தாளம் போட்டதை நான் பார்த்தேன். மண்டபக்காரர் வந்து லைட்டை அணைக்கப் போகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியும் ஒருவரும் காதில் வாங்கவில்லை.