துரைசாணி கேட்ட கல்தாமரை

கல்யாணமாகி ராசிங்காபுரம் வந்த புதிதில், என் வீட்டுக்காரர் பகலில் என்னோடு பேசியதே இல்லை. மாமியார், கொழுந்தன்மார், ஓரகத்திகள், பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். அவர்கள் முன்னால் பெண்டாட்டியோடு பேச அவருக்குக் கூச்சம்.

அவர் கல்தச்சர். ஒருநாள் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துத் துரை ஆள் அனுப்பியிருந்தார். பங்களா முன்னால் துரைசாணி போட்டிருந்த பூந்தோட்டத்துக்கு நடுவில் ஒரு வட்டத் தொட்டியும், அதில் தண்ணீர் பீச்சியடிக்கும் கல்தாமரையும் வேண்டுமாம். வீட்டுக்காரருக்குச் சமைத்துப்போட என்னையும் கூடவே அனுப்பினார் மாமியார்.

குரங்கணி வழியாக நடந்தே ஏறினோம். ஊர் கண்ணுக்கு மறைந்ததும் அவர் திரும்பி, "கால் வலிக்குதா புள்ள?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த மழைக்காலம் முழுக்க அங்கேதான் இருந்தோம். ரோஜாப் பாத்திகளை ஒட்டிப் போட்ட கொட்டகையில் உளி அடித்துக்கொண்டே ஓயாமல் பேசுவார். சின்னதில் ஆற்றில் முங்கிச் சாகப் பார்த்தது, அப்பா செத்த அன்றைக்கு அழுகையே வராமல் நின்றது, எல்லாம் சொன்னார். ஒவ்வொரு இதழையும் முடித்துவிட்டு, "தடவிப் பாரு, சொரசொரங்குதா?" என்று கேட்பார். இன்னும் இழைக்கணும் என்று நான் சொன்னால் மறுபடி உட்காருவார்.

தாமரை முடிந்ததும் மேட்டு ஓடையிலிருந்து குழாய் பதித்துத் திறந்துவிட்டார்கள். தாமரைக்கு நடுவிலிருந்து தண்ணீர் எம்பிக் குதித்தது. துரைசாணி சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினாள். சோலி முடிந்துவிட்டதே என்று நான் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன்.

கீழே வந்ததும் "தண்ணி கொண்டா", "சோறு வை", அவ்வளவுதான் பேச்சு. பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். மேற்கே மலையில் மழை இறங்கும்போதெல்லாம் அடுப்படியில் என் கை நின்றுவிடும்.

"ஒருக்கா அந்தத் தாமரையப் பாத்துட்டு வருவமா?" என்று எத்தனையோ தடவை கேட்டேன். "தை பொறக்கட்டும்" என்பார். எத்தனையோ தை பிறந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு காலையில் அவராகவே, "கெளம்பு, போவோம்" என்றார்.

துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போயிருந்தார். புதிதாக வாங்கியவர் ஓடைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, தொட்டி நிறைய மண் கொட்டி ஏல நாற்று விட்டிருந்தார். நாற்றுகளுக்கு மேலே தாமரை மட்டும் பாசி பிடித்து நின்றது.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார் என் வீட்டுக்காரர். தொட்டி விளிம்பில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மகள் போனபின் வீடு வெறிச்சென்று இருப்பதையும், கண் பார்வை மங்கி வருவதையும் சொன்னார். மலையிலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கத் தொடங்கியது.

"பொழுது சாயுது, போவமா?" என்றார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் பேசுங்க" என்றேன்.