ஜிம்மி உட்காரப் பழகியது

நேற்று எதிர்வீட்டுப் பெண் தன் நாய்க்கு பிஸ்கட்டைக் காட்டி, "சிட், சிட்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அது உட்காருவதற்குள் நான் கதவைச் சாத்திவிட்டேன். இந்த அம்மாவுக்கு நாயே ஆகாது என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. ஜிம்மி. அந்தக் காலத்தில் ஊரில் பாதி நாய்களுக்கு அதுதான் பெயர். யாரைப் பார்த்தாலும் தாவும். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கமாட்டார். கடிதத்தை வீசிவிட்டுப் போவார். என் கூறைப்புடவையிலேயே அதன் நகக் கிழிசல் இரண்டு உண்டு. நெசவுக்கார வீட்டு மருமகள் கிழிந்த பட்டோடு விசேஷத்துக்குப் போனதைப் பற்றி என் நாத்தனார் பேசியது தனிக் கதை.

காலையில் தெரு நீளத்துக்கு, தறியில் ஏற்றும் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சி வாசனை வந்தாலே ஜிம்மிக்குத் திருவிழா. ஒருநாள் பக்கத்து வீட்டுத் தனபாக்கியத்தின் பாவுக்குள் பாய்ந்துவிட்டது. அறுந்த இழைகளை முடிச்சுப் போட அவர்களுக்கு இரண்டு நாளாயிற்று.

"பத்து நாள் பாப்பேன். அடங்கலன்னா தூரமா மாகறல் ஊர்ல கொண்டுபோய் வுட்டுடுவேன்" என்றார் என் கணவர்.

"அடிக்காதீங்க. நான் பழக்கறேன்."

எனக்கென்ன தெரியும்? டீக்கடைப் பொறை பிஸ்கட் ஒன்றைக் கைக்குள் மூடிக்கொள்வேன். தாவினால் முதுகைக் காட்டி நின்றுவிடுவேன். நாலு காலும் தரையில் இருந்தால் ஒரு துண்டு. பிறகு "இரு" என்று சொல்லி ஓரடி தள்ளிப் போவேன், மறுநாள் இரண்டடி. உட்கார்ந்திருக்கும்போது அதன் தோலெல்லாம் நடுங்கும், வால் மண்ணைப் பெருக்கும். ஆனால் எழாது. "வா" என்றால்தான் வரும். எட்டாம் நாள், தெருவே பாவு விரித்திருக்க, பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஏதோ யானையை அடக்கியவள் போல நான் நடந்துகொண்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அதை வாசலில் "இரு" என்று உட்காரவைத்துவிட்டுக் கஞ்சிப் பானையை எடுக்க உள்ளே போனேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்திருந்தது. அதை இறக்கிக் கிளறிக்கொண்டே நின்றுவிட்டேன். தெருநாய்கள் குரைத்துக்கொண்டு ஓடுவது காதில் விழுந்தது. ஜிம்மி குரைக்கவில்லை, அதனால் நான் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது வாசல் காலி. தனபாக்கியம்தான் நின்றிருந்தாள்.

"முனிசிபாலிடி நாய் வண்டி வந்துச்சும்மா. ஓடு ஓடுன்னு கத்தினேன், எழுந்துக்கவே இல்ல. உங்க வூட்டு உள்ளயே பாத்துக்கினு இருந்துச்சு. கழுத்துல கம்பி மாட்டறப்பகூட அசையல."

பட்டை கட்டிய நாயை அவர்கள் பிடிப்பதில்லை. ஜிம்மியின் கழுத்துக்கு ஒன்று வாங்கிக் கட்டவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே போனார். மத்தியானம் திரும்பி வந்து, "ஆயிடுச்சு" என்றார். கால் கழுவினார். "சோறு போடு." போட்டேன். நானும் சாப்பிட்டேன். தீய்ந்த குழம்பையே இருவரும் ஊற்றிக்கொண்டோம். அழுகை வரும் என்று சில நாள் காத்திருந்தேன். வரவில்லை. பொங்கல் வந்தது, மாசி வந்தது.

பிடித்த நாய்களை அடைக்கும் கொட்டகை ரயிலடிப் பக்கம் எங்கேயோ இருந்ததாம். இப்போது அங்கெல்லாம் கடைகள். இன்ன இடம் என்று காட்டக்கூடியவர் அவர் ஒருவர்தான். அன்று அவர் அங்கே போனபோது ஜிம்மி உயிரோடு இருந்ததா, அவரைப் பார்த்து எழுந்ததா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் போய்ப் பதினோரு வருடமாகிறது.