மரணக் கிணற்றில் ஓட்டிய ரெமிஜியஸ்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருந்த ரெமிஜியஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். மெதுவாக ஓட்டுவார். ஆட்டோக்காரர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, கன்னடத்திலும் உருதுவிலும் திட்டிவிட்டுத் தாண்டிப் போவார்கள். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். இருபது வருடங்களுக்கு மேல் வட இந்தியத் திருவிழாக்களில் மரணக் கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஆள் அவர் என்பது வேனில் போன பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் நெடுநாள் தெரியாது. அவருடைய அக்கா ரோஸிதான் சொன்னார்.

கோலார் தங்க வயலில் பிறந்தவர்கள் அவர்கள். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார். மகனுக்கும் அங்கேயே வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தச் சமயம் பக்கத்தில் ராபர்ட்சன்பேட்டைக்கு ஒரு பொருட்காட்சி வந்தது. பலகைகளை நிறுத்தி அடுக்கிக் கட்டிய பெரிய கிணறு ஒன்று அதில் இருந்தது. உள்ளே வண்டிகள் சுவரிலேயே சுற்றி ஓடும். மேலே விளிம்பில் நின்று ஜனங்கள் பார்ப்பார்கள். ரெமிஜியஸ் நாள் தவறாமல் போனார். பொருட்காட்சி கிளம்பிய லாரியில் அவரும் கிளம்பிவிட்டார். வேலையில் சேர வேண்டிய திங்கட்கிழமை அப்பா மட்டும் தனியாக ஷிஃப்டுக்குப் போனார். மகன் பேரை அதற்குப் பிறகு அவர் வீட்டில் எடுத்ததில்லையாம்.

முதலில் டிக்கெட் கிழித்தார், பிறகு போல்ட் முடுக்கினார், அதன் பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார். இந்தி அங்கேயே படிந்தது. பீகார், அசாம், நேபாள எல்லை என்று ஆண்டு முழுவதும் கூடாரமே வீடு. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்து, விளிம்பில் நிற்பவர்கள் நீட்டும் கைக்குட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவார். விழுந்திருக்கிறார். தோள்பட்டை எலும்பு ஒன்று கடைசிவரை மேடாகவே நின்றது. வீட்டுக்கு ஆரம்பத்தில் அவரிடமிருந்து இரண்டு மூன்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் வந்தன. அப்புறம் அதுவும் இல்லை.

அவரோடு சாதிக் என்று ஒருவர் அதே கிணற்றில் மாருதி கார் ஓட்டினார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். பீகாரில் ஆற்றங்கரைத் திருவிழா ஒன்றில், சாதிக்கின் காரும் ரெமிஜியஸின் மோட்டார் சைக்கிளும் ஒன்றாகச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தபோது காரின் டயர் வெடித்தது. கார் சரிந்து கிணற்றின் அடியில் கவிழ்ந்தது. மேலே இருந்த ரெமிஜியஸுக்கு இறங்க இடமில்லை. வேகம் குறைந்தால் கவிழ்ந்த காரின் மேல்தான் விழவேண்டும். அதனால் ஓட்டிக்கொண்டே இருந்தார். கீழ்க்கதவைத் திறந்து ஆட்கள் நுழைந்து, காரை நிமிர்த்தி, சாதிக்கை இழுத்து, காரை வெளியே தள்ளும் வரைக்கும் சுவரிலேயே சுற்றினார். இதுவும் விளையாட்டில் ஒரு பகுதி என்று நினைத்து மேலே கொஞ்சம் பேர் கைதட்டினார்களாம். அவர் இறங்கியபோது டாங்க்கில் பெட்ரோல் அநேகமாகத் தீர்ந்திருந்தது. சாதிக் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

இதை ஒரே ஒருமுறை அக்காவிடம் சொல்லியிருக்கிறார். "ஒவ்வொரு சுத்துலயும் அவன் மூஞ்சி தெரிஞ்சுதுக்கா. கண்ணு தொறந்துதான் இருந்துச்சு" என்றாராம்.

சாதிக்கை அடக்கம் செய்துவிட்டு ரெமிஜியஸ் ரயிலேறினார். தங்க வயலில் சுரங்கத்தை எப்போதோ மூடியிருந்தார்கள். அவர்கள் குடியிருந்த சுரங்க லைன் வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரோஸியின் விலாசம் கொடுத்தார்கள். அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டதையும் அவர்கள்தான் சொன்னார்கள். நேராக ஜோகுபாளையம் வந்து கதவைத் தட்டினார். ரோஸிக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா கல்லறைக்குப் போனியா?"

"இல்லக்கா. மொதல்ல உன்னப் பாக்கலாம்னு வந்தேன்."

"போய்ப் பாத்துட்டு வா. அப்புறம் உள்ள வா."

பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் திரும்பி நடந்தார். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் போய், தங்க வயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து, கல்லறைத் தோட்டத்தில் தேடி, மறுநாள் முழங்காலெல்லாம் செம்மண்ணோடு வந்து நின்றார். ரோஸி சோறு போட்டார். எங்கே போயிருந்தாய் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசராக இருந்த ரோஸியும் அவர் மகள் ஜூலியாவும் மட்டும்தான் வீட்டில். ரெமிஜியஸ் ஹாலில் பாய் போட்டுக்கொண்டார். வேன் வேலை கிடைத்தது. ஸ்கூட்டி ஓட்டச் சொல்லிக்கொடுங்கள் என்று ஜூலியா கேட்டபோது மட்டும் மாட்டேன் என்றார். டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டார். தம்பி திரும்ப ஓடிவிடுவான் என்று ரோஸி சில வருடங்கள் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஓடவில்லை. மீன் வாங்கினார், தண்ணீர் பிடித்தார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார்.

ஒருமுறை ஹொசகோட்டே பக்கம் ஒரு மைதானத்தில் மரணக் கிணறு போட்டிருப்பதாக ஜூலியா சொன்னாள். ரோஸிதான், போகலாம் என்று கிளம்பினார். மூவரும் பஸ்ஸில் போனார்கள். படியேறி விளிம்பில் நின்றார்கள். வண்டி கிளம்பியதும் பலகையெல்லாம் அதிர ஆரம்பித்தது. ரோஸி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓட்டிய பையன் கையை விட்டுவிட்டு அவர்கள் முகத்துக்கு நேரே வந்து போனான். ரோஸி அவனைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெமிஜியஸின் தலை வண்டியோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இதுக்காடா போன?" என்று கேட்டார் ரோஸி.

"ஆமாக்கா. இதுக்குத்தான்."

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்ததாகவும், கேட்காதது நல்லதாகப் போயிற்று என்றும் ரோஸி என்னிடம் சொன்னார். வேறு ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாராம். மைதானத்து வாசலில் மிளகாய் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூவரும் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு நாலைந்து வருடம் ரெமிஜியஸ் வேன் ஓட்டினார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். வயது ஐம்பத்துச் சொச்சம். தங்க வயலில் அப்பாவை அடக்கம் செய்த தோட்டத்திலேயே இடம் கிடைக்குமா என்று விசாரித்தார்கள்; கிடைக்கவில்லை. பெங்களூரிலேயே அடக்கம் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பெற்றோர் நிறையப் பேர் வந்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஃபாதர் சின்னதாகப் பேசினார். ரோஸி அழாமல் நின்றார். எல்லாம் முடிந்ததும் ஜூலியாவை ஸ்கூட்டியில் முன்னால் போகச் சொல்லிவிட்டு, எங்களோடு நடந்தே பஸ் ஸ்டாப் வரை வந்தார்.