புத்தரிடம் கொண்டுபோன கற்பூரம்

ஆயிரம் வருடங்களுக்கு மேலாக நிற்கும் மரக்கோயிலுக்குள் தீக்குச்சி உரசிய மூடன் நான்தான். பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் தேநீர் குடிக்க வந்தவர்களைப் பிடித்துவைத்து, ஆணியே இல்லாத சீனக் கோயில்களைப் பற்றிப் பிரசங்கம் செய்துவந்தவனும் நானேதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வேலையிடத்துக் கொமித்தே, அதாவது தொழிலாளர் குழு, ஒழுங்குசெய்த சீனப் பயணத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. பெட்டி அடுக்கும்போது மனைவி ஒரு கட்டிக் கற்பூரத்தைச் சட்டைகளுக்கு நடுவில் செருகினாள்.

"அங்கை புத்தர் கோயிலிலை தம்பியின்ரை விசாவுக்கு ஏத்திப்போட்டு வாங்கோ."

என் தம்பிக்குக் கொழும்பில் காகிதக் கடை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனது. ஒரு சூட்கேசோடு யாரோ வீட்டு அறையில் இருந்துகொண்டு, பிரான்ஸ் விசாவுக்காகக் காத்திருந்தான்.

"உனக்கென்ன விசரோ? அந்தாளைக் கும்பிடுற ஆக்கள்தானே கடையைக் கொளுத்தினவை?"

"அப்ப அவரிட்டைத்தானே கேக்கவேணும்" என்றாள்.

கோயில் மலைச்சரிவில் இருந்தது. உள்ளே இருட்டு. தலைக்கு மேல் ஆள் தடிப்பில் உத்தரங்கள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, கூரையைத் தூக்கிப் பிடித்திருந்தன. இவற்றைப் பற்றி நான் லா சப்பலில் சொல்லிவந்ததில் பாதி பிழை. நடுவில் புத்தர், வயிறாரச் சாப்பிட்டவரின் முகத்தோடு. வழிகாட்டிப் பெண் பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னாள்: எத்தனையோ யுத்தங்கள், எத்தனையோ அரசர்கள், இந்த மண்டபம் மட்டும் எரியவே இல்லை.

எனக்குப் பற்றிக்கொண்டது அப்போதுதான். தம்பியின் கடை சீமெந்துக் கட்டடம். அது ஒரு பின்னேரம்கூடத் தாங்கவில்லை. இது காய்ந்த மரம்.

"உம்மடை வீட்டை மட்டும் வடிவாப் பாக்கத் தெரியுது, என்ன?" என்று புத்தரைக் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டிருக்க வேண்டும். நான் பிரார்த்திக்கிறேன் என்று நினைத்து, என்னோடு வேலைசெய்யும் பிரெஞ்சுக்காரி பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினாள்.

கற்பூரத்தைப் பீடத்தின் ஓரத்தில் வைத்தேன். குச்சியை ஆத்திரத்தோடு உரசினேன். முதல் குச்சி முறிந்தது. இரண்டாவது பற்றியதும் நீலச் சட்டை போட்ட வயதான காவலாளி பாய்ந்து, அதை என் விரலோடு சேர்த்து அறைந்து அணைத்தார். கொலரில் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப்போனார். சுவரோரம் வரிசையாக நின்ற தண்ணீர் வாளிகளையும் மணல் வாளிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டிக் கத்தினார். நான் தமிழில் கத்தினேன். மொழி தெரியாமலே இருவரும் நன்றாகத் திட்டிக்கொண்டோம்.

அவர் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. ஒரு கிழவர், சில வாளிகள். ஆயிரம் வருடத்தைக் காப்பாற்ற இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. தம்பியின் கடைக்கு எதிரேயும் துப்பாக்கியோடு காவலுக்கு ஆட்கள் நின்றார்களாம். அவர்கள் யாருடைய தீக்குச்சியையும் தட்டிவிடவில்லை.

மனைவியிடம் ஏற்றிவிட்டேன் என்று பொய் சொன்னேன். சில மாதங்களில் விசா வந்தது. அவளுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

தம்பி வந்த கிழமை, லா சப்பல் தேநீர்க் கடையில் வைத்து அவனுக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். முறிந்த குச்சி, பற்றிய குச்சி, அறை, வாளி, எல்லாம். எனக்காக இல்லாவிட்டாலும் தனக்காகவாவது கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடித்தான்.

"ரெண்டு குச்சியோ அண்ணை? என்ரை கடைக்கு அவங்கள் ஒண்டுதான் செலவழிச்சவங்கள்."