நான் கைகாட்டிய குடும்பம்

எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு ஏறுகிறவர்களில் கோட்டையைப் பார்க்க ஏறுகிறவர்கள் குறைவு. காலேஜுக்கு மட்டம் போட்டவர்கள் ஏறுவார்கள். சுவரில் ஆணியால் பெயர் கீறுகிறவர்கள் ஏறுவார்கள். டாக்டர் நடக்கச் சொன்னவர்கள் காலையிலேயே மூச்சு வாங்க ஏறுவார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏறியது சித்திக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்காக. எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அதற்கு முன் மூன்று குடும்பங்கள் வீட்டுக்கே வந்து அவளைப் பெண் பார்த்திருந்தன. நடக்கச் சொன்னார்கள், ஊசியில் நூல் கோக்கச் சொன்னார்கள், கேசரி சாப்பிட்டுவிட்டுத் தகவல் சொல்கிறோம் என்று போனார்கள். தகவல் வரவில்லை. சித்தியின் முன்பற்கள் இரண்டும் கொஞ்சம் எடுப்பு, அதுதான் காரணம் என்று தரகர் சொன்னார். மூன்றாவது குடும்பம் போன மறுநாள் குழாயடியில் ஒருத்தி, "இந்தத் தடவையாச்சும் அமைஞ்சுச்சா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். சித்தி பாதி நிறைந்த குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு தண்ணீர் பிடிக்க நான்தான் போனேன்.

அதனால் நான்காவது வரன் வந்தபோது வீடு வேண்டாம் என்று அப்பா முடிவு செய்தார். இரண்டு குடும்பமும் வெளியில் எங்காவது தற்செயலாகச் சந்திப்பதுபோலச் சந்திக்க வேண்டியது. பிடித்தால் தரகர் மூலம் மேற்கொண்டு பேசலாம். பிடிக்காவிட்டால் யாரோ யாரையோ பார்த்தார்கள், யாருக்கும் தலைகுனிவு இல்லை. இதை எல்லோரும் கோயிலில்தான் செய்வார்கள். தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் எந்நேரமும் எங்கள் தெருக்காரர்கள் யாராவது இருப்பார்கள் என்பதால் அப்பா கோட்டையைச் சொன்னார். இதற்கு ஒரே ஒரு சட்டம்தான். நீங்கள் இன்னார்தானே என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அது பெண் பார்த்த கணக்காகிவிடும்.

மாப்பிள்ளை பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரர், உரக்கடையில் வேலை. தரகர் கொடுத்த போட்டோவை அம்மா நீட்டியபோது அப்பா வாங்கவில்லை. அவர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "இருவது வருசமா டிக்கெட் கிழிக்கிறேன். மூஞ்சியப் பாத்தே எந்த ஸ்டாப்புன்னு சொல்லுவேன். எனக்கு எதுக்குப் போட்டோ? அதுகிட்டயே குடு," என்று சித்தியைக் காட்டினார். அடையாளம் மட்டும் கேட்டுக்கொண்டார். நீலச் சட்டை, கூட ஒரு அக்கா, அக்காவின் இடுப்பில் குழந்தை, காலை பத்து மணி.

என் தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். அம்மாவால் படி ஏற முடியாது. அடிவாரத்தில் வேப்பமர நிழலில் துண்டு விரித்து உட்கார்ந்துகொண்டாள். சித்தியின் முந்தானையைச் சரிசெய்து, "பதில் சொன்னா மெதுவாச் சொல்லு. வாயத் திறந்து சிரிச்சிராத," என்று சொல்லி அனுப்பினாள். சித்தி விடியற்காலையில் எழுந்து சுட்ட கருப்பட்டிப் பணியாரம் ஒரு தூக்கு நிறைய என் கையில் இருந்தது. அவள் கைப்பக்குவத்தை மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக அறிந்துகொள்ள வேண்டும் என்பது அப்பாவின் ஏற்பாடு.

மேலே போனதும் எனக்குக் காவல் வேலை கொடுக்கப்பட்டது. பீரங்கி வைத்திருந்த மதில் மேட்டில் நின்றால் படியில் வருகிறவர்கள் எல்லோரும் தெரிவார்கள். பீரங்கியைக் கட்டிக்கொண்டு நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி என் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தாள். பத்து மணிக்குச் சற்று முன்னால் ஒரு நீலச் சட்டை படியில் தெரிந்தது. பின்னாலேயே ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

"அந்தா, அவங்கதான்!" என்று கைகாட்டினேன்.

சித்தி பார்த்தாள். வாயிலிருந்த விரலை எடுத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு, "ஆமா, அவங்கதான்," என்றாள்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, கோட்டையில் பிறந்து வளர்ந்தவர்போல நடந்து வந்தார். வெடிமருந்துக் கிடங்கையும் கைதிகளை அடைத்து வைத்த அறைகளையும் அவர்களுக்குச் சுற்றிக் காட்டினார். நீலச் சட்டைக்காரர் தனக்கு ஊர் குஜிலியம்பாறை என்றும், கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்வதாகவும் சொன்னார். அப்பா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "பாத்தியா? ஊரையும் மாத்தி, தொழிலயும் மாத்திச் சொல்றாரு. கெட்டிக்காரரு," என்று காதில் ஓதினார். நீலச் சட்டைக்காரர் பேச்சில் பழனிப் பக்கத்து 'ங்க' ஒன்றுகூட இல்லை. அதையும் அப்பா நடிப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் உச்சியில் இருக்கும் கோயிலுக்குப் போனோம். அங்கே மண்டபம் உண்டு, கருவறை உண்டு, சாமி கிடையாது. சிலையை எந்தக் காலத்திலோ கீழே ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். குழந்தை இருட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சாமி எங்கே மாமா என்று கேட்டது. கீழே இறங்கிப் போய்விட்டது என்று சித்தி சொன்னாள். "இம்புட்டுப் படியையும் தெனமும் ஏறி எறங்க அதுக்கென்ன தலையெழுத்தா?" என்றார் நீலச் சட்டைக்காரர்.

சித்தி சிரித்தாள். உதட்டை மூடிக்கொண்டு அல்ல. இரண்டு முன்பற்களும் தெரிய, தோள் குலுங்க, மண்டபம் எதிரொலிக்கச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போச்சு, இந்த வரனும் போச்சு என்று பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். டைப்ரைட்டிங் இரண்டு பாஷையிலும் ஹையர் என்று சித்தி சொன்னாள். பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். மோட்டார் ஏன் புகைகிறது, உங்கள் ஊரில் எத்தனை அடியில் தண்ணீர், மழை இல்லாத வருடம் என்ன செய்வீர்கள்? பெண் பார்க்க வந்தவர்களிடம் சித்தி கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. அவரும் தூணில் சாய்ந்தபடி ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். அப்பா தூக்கைத் திறந்து பணியாரத்தை எடுத்து எடுத்துக் கொடுத்தார். அக்காக்காரி தின்றாள், குழந்தை தின்றது, அவர் ஆறு தின்றார்.

தூக்கில் கடைசிப் பணியாரம் இருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நீலச் சட்டையோடு ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. மூவர் முகத்திலும் வியர்வை வழிந்தது.

"ஏனுங்க, கண்டக்டர் நீங்கதானுங்களா?" என்றாள் அந்தப் பெண். "மணி பதினொண்ணாச்சுங்க. கோட்டை முச்சூடும் தேடிட்டு வாறமுங்க."

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். அப்பாவின் கை, பணியாரத்தோடு அந்தரத்தில் நின்றது. கைகாட்டியது நான். அந்த ஒன்றுதான் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

வந்தவள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்நிய ஆண் ஒருவனுக்கு எதிரே கல்லில் உட்கார்ந்து, சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்த சித்தியிடம் அவள் பார்வை நின்றது. அப்பா தட்டுத்தடுமாறி என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"கோட்டையப் பாத்துட்டோமுங்க. கெளம்பறமுங்க," என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார்.

குஜிலியம்பாறைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ குடும்ப விவகாரம் என்று மட்டும் புரிந்திருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சித்தியைப் பார்த்து, "அப்ப வாரோம்," என்றார். சித்தி தலையாட்டினாள். அவர்கள் படி இறங்கி, சிறிதாகி, மரங்களுக்குள் மறையும்வரை பீரங்கிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம்?

அடிவாரத்தில் அம்மா துண்டை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நெய்க்காரப்பட்டிக்காரர்கள் மேலே போனபோதே அவள் அவர்களை அடையாளம் கண்டுகொண்டாளாம். சட்டப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். பிறகு அவர்கள் விறுவிறுவென்று இறங்கிப் போனதையும் பார்த்திருக்கிறாள். அப்பா நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சித்தியின் பக்கம் திரும்பினாள்.

"போட்டோவ ஒங்கையிலதானடி குடுத்தேன்? பாத்தியா, பாக்கலையா?"

சித்தி குஜிலியம்பாறைக்காரர்கள் போன பாதையைப் பார்த்தாள். அம்மா ஓங்கி அறைந்தாள். அந்தச் சத்தத்தில் கோட்டை வாசலில் டிக்கெட் கொடுக்கிறவர் எழுந்து நின்றார். அம்மா யாரையும் கைநீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. அறைந்த கையையே பார்த்துக்கொண்டு அவள்தான் அழுதாள், சித்தி அழவில்லை.

நான் விக்கி விக்கி அழுதேன். தப்பாகக் கைகாட்டியது நான், அடி வாங்கியது சித்தி. இதில் போட்டோ எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவும் அம்மாவும் முன்னால் போக, வெறும் தூக்கை ஆட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்கும்போது அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "நான்தான் சித்தி தப்பாக் காட்டிட்டேன்," என்றேன்.

சித்தி குனிந்து முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். அவள் கன்னத்தில் அம்மாவின் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

"நீ சரியாத்தான்டி காட்டுன," என்றாள்.

பாவம் சித்தி, இவ்வளவு நடந்த பிறகும் எது சரியான குடும்பம் என்றே அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.