தீர்த்தம் பட்ட ஹெலி

ஜேர்மனியில் இருந்து சின்ன மாமா வந்தபோது எங்கள் எல்லாருக்கும் சொக்லேட் வந்தது, அவருக்கு மட்டும் ஒரு ஹெலிகொப்ரர் வந்தது. அம்மாவின் தம்பி அவர், தலையில் நரை எட்டிப் பார்க்கத் தொடங்கிய வயது. எனக்கு ஏழு. பெட்டியில் இருந்து அதை வெளியே எடுத்ததும் எனக்குத்தான் என்று நினைத்துக் கையை நீட்டினேன். "பிள்ளை, இது விளையாட்டுச் சாமான் இல்லை" என்று மாமா பின்னால் ஒதுங்கினார். விளையாட்டுச் சாமான் இல்லாவிட்டால் வேறென்னவாம்? என் கையைவிட நீளமான உடம்பு, தலையில் பெரிய விசிறி, வாலில் குட்டி விசிறி, தூர நின்று இயக்க இரண்டு தடி வைத்த ஒரு பெட்டி. வளர்ந்த மனிசர் விளையாடினால் அதற்கு வேறு பெயர் போலும்.

சண்டை முடிந்து அப்போது கொஞ்சக் காலம்தான். எங்கள் வீடு திருகோணமலையில் உட்துறைமுகத்துக்குக் கிட்ட. வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, அதன் கரையில் முள்ளுக்கம்பி வேலி, வேலிக்கு அங்கால் கடற்படை முகாம். அந்த இடத்தில்தான் ஹெலியைப் பறக்கவிட வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், கிளாக்கர், தனக்கு வரவேண்டிய இடமாற்றத்தைக்கூட வாய் திறந்து கேட்காதவர். மாமாவின் தொல்லை தாங்காமல், கச்சேரிக்கு வந்து போகிற ஒரு கடற்படை அதிகாரியிடம் தன் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டு, வருகிற ஞாயிறு பின்னேரம் மட்டும் விடலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். வேலிக்கு அங்கால் போகாது, போனால் நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டும் வந்திருந்தார். அன்று தொடக்கம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் கவலை வேறு. "புது வாகனம். கோயிலுக்குக் கொண்டுபோகாமல் ஓடுறதோ?" என்று கேட்டா. அம்மா கேட்டால் கேட்டதுதான். பிள்ளையார் கோயில் ஐயர் அதுவரை ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் படகு எஞ்சினுக்கும் பூசை செய்தவர். ஹெலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சில்லைக் காணேல்லையே, தேசிக்காயை எங்க வைக்கிறது?" என்றார். கடைசியில் அந்த எலுமிச்சங்காய்களை இரண்டு கால்களுக்கும் கீழே வைத்து, மூக்கில் சந்தனப் பொட்டு இட்டு, மஞ்சள் தண்ணீரை மாவிலையால் அள்ளித் தெளித்தார். "ஐயா, காணும், போதும்" என்று மாமா பதறினார். ஐயர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு வாலுக்கு இன்னும் ஒருக்கால் தெளித்தார்.

வீட்டுக்கு வந்து பற்றரியைப் பூட்டினால் வால் தன்பாட்டில் நடுங்கியது. தீப்பெட்டி அளவான ஒரு கறுப்புச் சாமானை மாமா கழற்றித் திறந்தார். உள்ளே மஞ்சள்.

"அக்கா, உங்கட பிள்ளையார் என்ர ஜைரோவை விழுங்கிப்போட்டார்!"

ஜைரோ என்றால் என்ன என்று நான் கேட்க, மாமா தலையில் கைவைத்தபடியே சொன்னார். மேல்விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது வால்விசிறி. வேகத்தைக் கூட்டினால் வாலுக்கும் கூட்ட வேண்டும், குறைத்தால் குறைக்க வேண்டும். மனிசனின் கை போக முதல் ஜைரோ அதைச் செய்துவிடும். இனி அதையும் மாமாவின் இடது பெருவிரல்தான் செய்ய வேண்டும். "முந்தியெல்லாம் இது இல்லாமல்தான் விட்டவை" என்று தனக்குத்தானே தைரியம் சொன்னார்.

கவிழாமல் இருக்க ஹெலியின் காலில் குறுக்காகத் தடி கட்டி, எங்கள் வீட்டு வளவுக்குள்ளேயே பழகினார். முதலில் அது தன் வாலைப் பிடிக்கப் பார்க்கிற நாய் மாதிரிச் சுற்றியது. கோழிகள் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. சாப்பிடும்போதும் மாமாவின் இடது பெருவிரல் அசைந்துகொண்டே இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, சனிக்கிழமை பின்னேரம் ஹெலி முழங்கால் உயரத்தில் ஆடாமல் நின்றது. ஆனால் எங்கள் வளவைச் சுற்றி உயரமான மதில். கடற்காற்றை மாமா கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிறு வந்தது. அம்மா வீட்டில் நின்றுவிட்டா. எங்களுக்கும் வேலிக்கும் நடுவில் அப்பா போய் நின்றுகொண்டார், தவறினால் எட்டிப் பிடிக்கலாம் என்பதுபோல. வேலிக்கு அங்கால் காவலரணில் ஒரு சிப்பாய் துவக்கோடு குந்தியிருந்து வேடிக்கை பார்த்தான். ஹெலி எழும்பியது, நின்றது, நான் கைதட்டினேன். அப்போதுதான் காற்று அடித்தது. வால் எங்கள் பக்கம் திரும்ப, மூக்கு கடலைப் பார்த்தது. மாமா பதறி வேகத்தைக் கூட்டினார். கூட்டினால் வால் இன்னும் சுழன்றது. ஐயோ, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அது வேலியைத் தாண்டி முகாமுக்கு மேலே போய்விட்டது.

"மூக்கு எந்தப் பக்கம்? பிள்ளை, மூக்கு எந்தப் பக்கம்?" மாமா கத்தினார்.

"எங்களைப் பாக்குது மாமா! இல்லை, கடலைப் பாக்குது!"

சிப்பாய் துவக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். அப்பா ஹெலியைப் பார்க்கவே இல்லை. காவலரணைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தினார். உள்ளங்கை விரிந்தபடி, ஆடாமல் அசையாமல் நின்றார். அட, அப்பா ஹெலியைக் கூப்பிடுகிறார்! எனக்கு ஒரே புளுகம். சந்தோசத்தில் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று நானும் கையை உயர்த்தி, "வா, வா" என்று கத்தினேன். அப்பா என்னைக் குனிந்து பார்க்காமல், வாய்க்குள்ளே, "பிள்ளை, கையைக் கீழ விடாத" என்றார். நான் விடவில்லை.

அந்த நேரம் மாமா வாலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டார். ஹெலியை முன்னால் ஓடவிட்டார். நின்றால்தான் வால் ஆடும், ஓடினால் காற்றே வாலைப் பிடித்துக்கொள்ளும் என்று பிறகு சொன்னார். அது துறைமுகத் தண்ணீருக்கு மேலே ஒரு பெரிய வட்டம் போட்டு, வேலியைத் திரும்பத் தாண்டி வந்து, புல்லில் தொப்பென்று குந்தியது. ஒரு கால் மட்டும் வளைந்தது.

சிப்பாய் துவக்கைத் தோளில் கொழுவிவிட்டு விசிலடித்துச் சிரித்தான். பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தி, "ஐயா, கை கீழே. பரவாயில்லை" என்று கொச்சைத் தமிழில் சொன்னான். அப்பாவின் கைகள் இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

பிறகு அப்பாவைப் பார்க்க வேண்டுமே! புல்லில் அப்படியே குந்திவிட்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், திரும்பவும் சிரித்தார். கடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கவும் யோசிக்கிற மனிதர் எங்களை ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப்போய் எனக்கு இரண்டு வாங்கித் தந்தார். "தம்பி, நாளைக்கே இதைப் பெட்டிக்குள்ள வைச்சுக் கட்டு" என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டு, வழியெல்லாம் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். அப்பா அவ்வளவு கதைத்து நான் கேட்டதே இல்லை.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. நான் ஓடிப்போய், அப்பா ஹெலியை எப்படி இறக்கினார் என்று இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினேன். அம்மா சிரிப்பா என்று பார்த்தேன். அம்மா திருவலையை விட்டு எழும்பி வந்து, என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கி, கனநேரம் விடாமல் வைத்திருந்தா. எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் சொன்னதை அம்மா நம்பவில்லை என்றே நினைத்தேன். மாமாவுக்கு வாலைப் பிடிக்கத் தெரியாவிட்டால் என்ன, அப்பா கையை உயர்த்தினால் ஹெலி வந்து இறங்கும். அதை என் கண்ணால் கண்டனான்.